ரிவெட் இல்லாத பஸ்

என் மனைவியின் தம்பிக்கு எதைப் பார்த்தாலும் ரிவெட்தான் கண்ணில் படும். கப்பல் படத்தைக் காட்டினால் கடலைப் பார்க்க மாட்டான். தகடும் தகடும் சேரும் இடத்தில் வரிசையாக நிற்கும் ஆணிக் கொண்டைகளைப் பார்ப்பான். மற்றவர்களுக்கு வாய்த்த மச்சான்கள் வேலைக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் ஊர் சுற்றுகிறார்கள். எனக்கு வாய்த்தவன் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து குட்டிக் கப்பலுக்கும் குட்டி விமானத்துக்கும் ரிவெட் வைக்கிறான். அதைப் பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அக்காவும் தம்பியும் சேர்ந்து அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

நான் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவின் தலைமை நாற்காலி காலியாகி, அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏக்கமே பிடித்திருந்த நேரம். கம்பெனி அப்போதுதான் புது மாதிரி பஸ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. தகடுகளை ஆணி அடிக்காமல் பசையாலேயே ஒட்டிய பஸ். 'ஒரு ரிவெட்கூட இல்லை' என்று சுவருக்குச் சுவர் விளம்பரம். அதைப் பெரிய பஸ் முதலாளி ஒருவருக்குக் காட்ட மேஜை மேல் வைக்கிற அளவில் மாடல் ஒன்று வேண்டும் என்றார் மேனேஜர். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என் மச்சான் செய்வான் சார்" என்று வாயைக் கொடுத்தேன்.

"நல்லா வந்தா அந்த சீட் உங்களுக்குத்தான். சொதப்பினா என் கண்ணுலயே படாதீங்க" என்றார்.

மச்சான் பஸ்ஸைச் சீக்கிரமே செய்துவிட்டான். வெள்ளையாக, வழவழவென்று, விளம்பரப் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்தபோது அலாரம் கடிகாரத்தைக் காணோம்.

அது பின்னறையில் குடல் உருவப்பட்டுக் கிடந்தது. அதன் பல்சக்கரம் ஒன்றை எடுத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஒவ்வொரு பல்லையும் அரத்தால் கூராக்கிக்கொண்டிருந்தான். பிறகு அதைப் பழைய பேனா ஒன்றின் நுனியில் ஊசி கோர்த்து மாட்டினான். மெல்லிய அலுமினியத் தகட்டின் முதுகில் ஸ்கேலை வைத்து அதை உருட்டினால் முன்பக்கம் கடுகு கடுகாகப் புள்ளிகள் எழும்பின. அவைதான் ரிவெட்டாம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவனுக்கு அப்படித் தெரியவில்லை.

"நெருக்கமா விழுது அத்தான். பல்லு அகலமா வேணும்" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மறுநாள் அதுவும் போயிற்று.

"இதெல்லாம் எதுக்குடா?"

"கப்பலுக்கு அத்தான்."

நம்பினேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

காட்ட வேண்டிய நாள் காலையில், பெட்டியில் வைக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று துணியை விலக்கினேன். பஸ் முழுக்க ரிவெட். கூரையில், பக்கவாட்டில், கதவில், சக்கரத்துக்கு மேலே எல்லாம் வரிசை வரிசையாக.

"மேல புதுத் தகடு போர்த்திட்டேன் அத்தான்" என்றான் பெருமையாக. "புதுச் சக்கரம் கையில இருக்கு, பஸ் மொட்டையா நிக்குது. எப்படி மனசு கேக்கும்?"

"டேய், அந்த பஸ்ல ரிவெட்டே கிடையாதுடா!"

"ரிவெட் இல்லாம பாடி எப்படி நிக்கும்? படம் வரைஞ்சவன் சோம்பேறி. விட்டுட்டான்."

"என் தம்பி கையில அப்படி ஒரு வேலை!" என்றாள் என் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், ஆனால் காரணம் வேறு.

வேறு மாடலுக்கு எங்கே போவது? மச்சானையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனேன். அரங்கில் மேனேஜர் மைக்கைப் பிடித்து, "ஒரு ரிவெட்கூட இல்லாத..." என்று குரலை உயர்த்திக்கொண்டே துணியை இழுத்தார். இழுத்தவர் முகத்தில் ஈ ஆடவில்லை. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பஸ் முதலாளி எழுந்து வந்து, கட்டை விரலால் அந்தப் புள்ளிகளை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"இதுதான்யா பஸ்! பசை போட்டு ஒட்டினதுல ஜனங்களை ஏத்தச் சொல்றீங்களேன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இதே மாதிரி குடுங்க, இப்பவே ஆர்டர் தர்றேன்."

மேனேஜர் கண் இமைக்கவில்லை. "நாங்களும் அதைத்தான் சார் யோசிச்சோம்" என்றார். மனுஷன் அதனால்தான் மேனேஜர்.

ஆனால் ரிவெட் அடிக்கும் மெஷின்களை எல்லாம் விற்றாகிவிட்டது. இருப்பது பசைதான். "பார்க்கிறதுக்கு ரிவெட் இருந்தாப் போதும்ல?" என்று மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். பசையால் ஒட்டிய தகட்டின் மேல், பசையாலேயே பிளாஸ்டிக் ரிவெட் தலைகளை ஒட்டுவது. நிஜ பஸ்ஸுக்குப் பொய் ரிவெட். அதில் யார் கெட்டிக்காரன்? எல்லோரும் என் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள். "இடைவெளி சரியா இருந்தா யாருக்கும் தெரியாது" என்றான் அவன், உலகத்துக்கே உபகாரம் செய்கிறவன் போல.

மறு வாரம் நாற்காலியைப் பற்றி மெல்லக் கேட்டேன். "பஸ்ஸை வித்தது நீங்களா, உங்க மச்சானா?" என்றார் மேனேஜர். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேலைக்குப் போகாதவன் வேலைக்குப் போகிறான் என்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். என் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான். அன்று ஆர்டர் விவரம் சொல்ல விற்பனைத் தலைவர் அறைக்குள் நுழைந்தேன். நான் ஆசைப்பட்ட நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க அத்தான், உக்காருங்க" என்றான்.

பின்னாலேயே வந்த மேனேஜர் வாசலில் நின்று, "ஆபீஸ்ல உறவுமுறை எல்லாம் வேண்டாம்" என்றார்.

மச்சான் எனக்கும் தன் நாற்காலிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கண்ணால் அளந்தான்.

"அப்போ நின்னுக்கிட்டே சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். "சார்" என்றுதான் ஆரம்பித்தேன்.