பார்னபி பிடித்த கயிறு

"கயித்த யாரு பிடிச்சிருக்காங்க?"

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பென்சிலால் எழுதிக் கேட்ட கேள்வி இது. அவன் பெயர் ஆல்பி தர்குட். எலும்பில் காசநோய் வந்த குழந்தைகளுக்காக இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் இருந்த ஆஸ்பத்திரியில் பதினான்காம் கட்டில் அவனுடையது. கடிதம் எங்கள் கைக்கு வந்தது 1940 மே மாதம், பத்திரிகை நின்றுபோன வாரத்தில்.

'நங்கூரம்' பையன்களுக்கான வாரக் கதைப் பத்திரிகை. சனிக்கிழமைதோறும் வரும். அட்டையில் புயல் இருக்கும், இல்லாவிட்டால் புலி. ஆண்பிள்ளைகள் யுத்தத்துக்குப் போய்விட்டதால், தட்டச்சு மேஜையில் இருந்த என்னை உதவி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். என் பெயர் டார்கஸ் ஏமரி. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

பத்திரிகையின் முக்கியத் தொடரை எழுதுபவர் கேப்டன் டென்ஹாம். அப்படி ஒருவர் கிடையாது. அந்தப் பெயரில் பதினோரு வருஷமாக எழுதிவந்தவர் கிளெமென்ட் ஹாஸ்கன் என்ற பெரியவர். தேம்ஸ் நதியைப் படகில் கடந்தாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். இது வாசகர்களுக்குத் தெரியக் கூடாது என்பது அலுவலக விதி. பையன்கள் கடிதம் எழுதினால் "கேப்டன் இப்போது கடலில் இருக்கிறார்" என்று நான் பதில் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குத் தலைகுனியும்போது அது கொஞ்சம் உறுத்தும்.

ஆல்பியின் கடிதத்தை வெள்ளிக்கிழமை காலையில் பிரித்தேன்.

"கேப்டன் ஐயா, பக்கம் ஒன்பதுல டிக் மெரோ கோட்டைக் கிணத்துல கயிறு கட்டி இறங்கறான். கயித்த யாரு பிடிச்சிருக்காங்க? பார்னபி கப்பல்ல இருக்காரு, போன வாரமே அவருக்குக் கை ஒடிஞ்சிருச்சு. வேற நல்லவங்க யாரும் அங்க இல்ல. நான் மூணு தடவை படிச்சிட்டேன்."

பின்பக்கத்தில் வார்டு சிஸ்டர் நான்கு வரி சேர்த்திருந்தார். ஆல்பிக்கு வருகிற புதன்கிழமை இடுப்பில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தால் ஆழமான கிணற்றுக்குள் இறங்குவதுபோல இருக்கும் என்று பக்கத்துக் கட்டில் பையன் சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து இவன் கயிற்றைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. "ஒரு தபால் கார்டு போட்டால்கூடப் போதும்" என்று முடித்திருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் பார்கெட்டர் அறைக்குப் போனேன். அவர் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். காகிதக் கட்டுப்பாட்டினால் 'நங்கூரம்' இனி வராது என்று முதலாளிகள் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். தொடர் நடுக்கிணற்றில் நின்றது.

"செத்துப்போன பத்திரிகை பதில் போடுமா, மிஸ் ஏமரி?" என்றார்.

"கேட்டிருக்கானே சார்."

அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"பையன் கெட்டிக்காரன். நிஜமாவே கயித்துல யாருமில்ல. ஹாஸ்கன் மறந்துட்டாரு. பாவம், வயசாச்சு. இவரைப் போய் இன்னொரு பத்திரிகைக்குச் சிபாரிசு பண்றதா இருந்தேன்."

"ஆமா சார், மறந்திருப்பாரு" என்றேன்.

அந்த மூன்று வார்த்தைகளை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடும்.

மதியம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். கீழ்மூலையில் ஒரு தபால்தலை விளம்பரம்: நூறு தபால்தலைகள், எல்லாம் வெவ்வேறு. அந்த விளம்பரம் கடைசி நேரத்தில் வந்தது. இடம் வேண்டும் என்று அச்சுக்கூடத்திலிருந்து பையனை அனுப்பினார்கள். நான் நின்றபடியே நீலப் பென்சிலை எடுத்து, அச்சுக்கு முன் திருத்தும் புரூஃப் தாளில் பன்னிரண்டு வரிகளை அடித்தேன். எங்கள் தொழிலில் அது தினமும் நடப்பது. அழகு வர்ணனையைத்தான் முதலில் வெட்டுவோம். 'கிணற்றின் விளிம்பில் நிலா காய்ந்தது' என்று ஆரம்பித்ததால் வர்ணனை என்று நினைத்து வெட்டிவிட்டேன். கீழே என்ன இருந்தது என்று படிக்கவில்லை.

ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தேன்.

பழைய புரூஃப்கள் எல்லாம் கம்பியில் குத்தியபடி இருக்கும். ஆனால் அன்று அவை ஏற்கெனவே மூட்டையில் போயிருந்தன. யுத்தத்துக்காகப் பழைய காகிதம் சேர்க்கிறவர் லாரியோடு வந்து, வாசலில் ஏழு மூட்டைகளை அடுக்கியிருந்தார். நான் முதல் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினேன்.

"என்னம்மா தேடறீங்க? காதல் கடுதாசியா?"

"கயிறு."

"கயிறா? கீழ லாரியில கெடக்கே. எத்தனை கஜம் வேணும்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். ஆபரேஷன் என்றதும் தொப்பியை மூட்டைமேல் போட்டுவிட்டு என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கும் அது?"

"நீளமா இருக்கும், ஒரு பக்கம்தான் அச்சு. நீலப் பென்சில்ல அடிச்சிருக்கும்."

"இங்க எல்லாத்துலயும் நீலமாத்தான் இருக்கு. உங்ககிட்ட மாட்டிக்கிட்டு எழுதறவங்க என்ன பாடு பட்டிருப்பாங்க" என்று முணுமுணுத்தார்.

ஆறாவது மூட்டையில் அது கிடைத்தது. எடுத்தவர் அவர்தான். நானே படிப்பதற்கு முன்னால், உதட்டை அசைத்து அவர் முழுவதும் படித்துவிட்டார்.

"இருக்காரும்மா, ஆள் இருக்காரு" என்று என்னிடம் நீட்டினார்.

பன்னிரண்டு வரிகளின் சாரம் இவ்வளவுதான். கிணற்றின் விளிம்பில் நிலா காய்கிறது. ஈரம் சொட்டச் சொட்டப் பார்னபி வந்து நிற்கிறார். கப்பலின் ஒற்றைக் கண் சமையல்காரரான அவர், ஒடிந்த கையோடு கப்பலிலிருந்து குதித்து நீந்தி வந்திருக்கிறார். ஒரு கையால் கயிற்றைப் பிடிக்க முடியாது. அதனால் அதை இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, இரண்டு குதிகாலையும் கல்லில் ஊன்றுகிறார். "நீ இறங்கு தம்பி. நான் எங்கயும் போகல" என்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை, லண்டன் புறநகரான வால்தம்ஸ்டோவில் ஹாஸ்கன் வீட்டுக்குப் போனேன். பதிலை நானே எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் ஆள்மேல் பழி போட்டுவிட்டு அவர் பெயரில் கடிதம் எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் கொல்லையில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மிஸ் ஏமரி. டீ இருக்கு. சர்க்கரைதான் கேக்காதீங்க."

முதலில் ஆல்பியின் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, முன்பக்கமும் பின்பக்கமும் படித்தார்.

"பையன் சொல்றது சரிதான்" என்றார் மெதுவாக. "அச்சுல பாத்தப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. பார்னபிய அங்க கொண்டுவந்ததா நல்லா ஞாபகம். பாத்தா இல்ல. ஒரு வாரமா அதையே நினைச்சுக்கிட்டிருக்கேன். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல சாவிய எங்க வெச்சோம்னு மறந்தாரு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு."

அவர் கையால் எழுதுகிறவர். பிரதி வைத்துக்கொள்ள மாட்டார். அச்சுக் கோத்ததும் மூலத்தை எரித்துவிடுவார்கள். அவருக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் இருந்தது என் கைப்பையில் இருந்த தாள் ஒன்றுதான்.

அதை எடுத்துக் கொடுத்தேன். "வெட்டினது நான்தான் சார்."

நின்றபடியே படித்தார். பிறகு கவிழ்த்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"எதுக்காக வெட்டினீங்க?"

"தபால்தலை விளம்பரம் வந்துது சார். நூறு தபால்தலை."

"நூறும் வேற வேறயா?"

"அப்படித்தான் போட்டிருந்துது."

"கப்பல் படம் போட்டது ஏதாவது உண்டா?"

"மூணு."

"அப்ப பரவாயில்ல" என்றார். சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என் மண்டை சரியாத்தான் இருக்கு. கேட்டீங்களா மிஸ் ஏமரி? சரியாத்தான் இருக்கு."

திங்கட்கிழமை பார்கெட்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"உங்களைப் பொண்ணுங்க பத்திரிகைக்கு மாத்தப்போறாங்களாமே?"

"ஆமா சார்."

"படிக்காம வெட்டறவங்கன்னு தெரிஞ்சா மாத்துவாங்களா? வீட்டுல அம்மாவ வெச்சிருக்கீங்க. எனக்கு அறுபத்தெட்டு. இன்னொரு பத்திரிகைக்கு எழுதி நான் என்ன கோட்டை கட்டப்போறேன்? இனிமே பீன்ஸ்தான். நான் மறந்ததாவே இருக்கட்டும். மறக்கலன்னு எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் தெரியட்டும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க."

நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று சில சமயம் தோன்றும்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் எழுதினார். ஒரே ஒரு வாசகனுக்காகக் கடைசி அத்தியாயம். பன்னிரண்டு வரிகளை முதலில் வைத்து, டிக்கைக் கிணற்றின் அடிவரை இறக்கி, மேலே கொண்டுவந்து, பார்னபி பக்கத்தில் உட்கார வைத்து முடித்தார். அதையும் புரூஃப் தாளையும் என்னிடம் கொடுத்தார்; நான் வீட்டுக்கு எடுத்துவந்து தட்டச்சு செய்வதாக ஏற்பாடு.

"ஒரு வரி வெட்டக் கூடாது" என்றார்.

"மாட்டேன் சார். கீழ யார் பேர் போடட்டும்?"

"கேப்டன் பேரையே போடுங்க. அவனுக்குக் கேப்டன்தான் வேணும். பீன்ஸ் நடற கிழவனை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? கவர் கனக்குதேன்னு பாக்காதீங்க. அந்த நூறுல ரெண்ட எடுத்து ஒட்டுங்க."

அன்று சாயங்காலமே தபாலில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்திருக்குமா என்று தெரியாமல் புதன்கிழமை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மேஜையடியில் கை கூப்பிக்கொண்டேன். ஆண்டவருக்கு அந்த வாரம் டன்கர்க் கடற்கரையில் மாட்டிக்கொண்டிருந்த எத்தனையோ லட்சம் சிப்பாய்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் பதினான்காம் கட்டிலையும் பார்ப்பார் என்று நம்பினேன்.

பத்து நாள் கழித்து சிஸ்டரின் பதில் வந்தது. கடிதம் திங்கட்கிழமையே கிடைத்ததாம். ஆல்பி அதை வார்டு முழுவதற்கும் நான்கு தரம் படித்துக் காட்டினானாம். புதன்கிழமை மயக்க மருந்து முகமூடியை வைக்கப் போன டாக்டரிடம், "கயிறு பார்னபிகிட்ட இருக்கு. நீங்க ஆரம்பிக்கலாம்" என்றானாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கால் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் நடப்பான் என்று எழுதியிருந்தார். அந்தப் பதிலை ஹாஸ்கனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கூடை பீன்ஸ் தருவதாகச் சொன்னார். ஜூலையில் தந்தார்.

பார்கெட்டர் சிபாரிசு செய்யவில்லை. ஹாஸ்கன் அதற்குப் பிறகு எங்கும் எழுதவில்லை. நான் பெண்கள் பத்திரிகையில் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். பார்கெட்டர் சொல்லி விஷயம் பரவியிருந்தது; அங்கே கதையில் யாராவது எதையாவது விட்டுவிட்டால், "பாருங்க, ஹாஸ்கன் கயிறு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரைப் பார்த்தே இராத சின்னப் பெண்கள்கூடச் சொன்னார்கள். நான் தலை நிமிராமல் புரூஃப் பார்ப்பேன். பாதி வாக்கு, பாதி பயம். 1947 பனிக்காலத்தில் அவர் இறந்துபோனார். கடைசிவரை எல்லாம் தெளிவாக நினைவு வைத்திருந்தார் என்று அவருடைய தங்கை சொன்னார்.

நான் ஓய்வு பெற்றது 1952 செப்டம்பரில். எங்கள் நிறுவனத்தின் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு தொகுப்புப் பிரதி உண்டு. தோல் அட்டை போட்டுக் கட்டி, மேல்மாடி அறையில் வைத்திருப்பார்கள். பழைய தொடரை மறுபடி அச்சிட வேண்டி வந்தால் அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் அச்சுக் கோப்பார்கள். அதனால் பிழை கண்டவர் அதில் திருத்தி, ஓரத்தில் பெயர் எழுத வேண்டும் என்பது வழக்கம்.

கடைசி நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. 'நங்கூரம்' தொகுப்பை இறக்கி, கடைசி இதழின் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். பன்னிரண்டு வருஷமாக வேதாகமத்துக்குள் வைத்திருந்த புரூஃப் தாளை எடுத்தேன். அந்தப் பன்னிரண்டு வரிகளை மட்டும் கத்தரித்து, பின்னால் பசை தடவி, தபால்தலை விளம்பரத்தின்மேல் ஒட்டினேன். வரிகளின்மேல் நீலக் கோடு இன்னும் இருந்தது. அதன் பக்கத்தில், வெட்டியதைத் திரும்பச் சேர்க்கும்போது நாங்கள் போடும் புள்ளி வரிசையை மையால் போட்டேன். ஓரத்தில் எழுதினேன்:

"ஆசிரியர் இதை மறக்கவில்லை. வெட்டியவள் நான். டார்கஸ் ஏமரி."

மை காயும்வரை ஊதினேன். தாள் சுருங்காமல் இருக்கத் தொகுப்பை மூடி, அதன்மேல் இன்னும் இரண்டு தொகுப்புகளை ஏற்றி வைத்தேன். பிறகு பசைத் தூரிகையைக் கழுவக் கீழே இறங்கினேன்.