கறுப்புக் கோட்டில் ஒரு விசிறி

காலையில் கடையைத் திறந்த தையல்காரர் மேசைக்கு ஓடினார். மேஜிக்காரருக்காகத் தைத்துத் தேய்த்து மேசையில் விரித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டின் முதுகில், மனைவி பறித்த சிப்பிக்காளான்கள் சொகுசாகப் படுத்திருந்தன. ஒன்றைத் தூக்கினார். அடியில் வெள்ளைத் தூள்.

"இங்க வந்து பாரு. உன் காளான் கோட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கு."

பின்னறையில் காளான் வளர்க்கும் வைக்கோல் பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்தாள். "நேத்து கரண்ட் போனப்ப ஏதோ துண்டுத்துணின்னு நினைச்சு வச்சுட்டேங்க." காளான்களை மெல்ல எடுத்தவள் அப்படியே குனிந்து நின்றுவிட்டாள். ஓரிடத்தில் கிளம்பி விரிந்த மெல்லிய வெண்கோடுகள், விசிறியை விரித்து வைத்தாற்போல் இருந்தன.

"காளான் குடைக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்குல்ல, அதுலேர்ந்து வித்து உதிர்ந்திருக்கு. மடிப்புக்கு மடிப்பு இருக்கற இடைவெளிதான் இந்தக் கோடு."

"வித்தா? அப்ப கோட்டுல காளான் முளைக்குமா?"

"அவ்வளவு சுலபமா வராது. வித்து முளைச்சா மொதல்ல வெறும் இழைதான். அது தோதான இன்னொரு இழையோட சேரணும். திங்க வைக்கோல் வேணும், ஈரம் வேணும்."

"அதுக்கும் பொருத்தம் பாக்கணுமா?"

"நம்மள விட கறாரா. பையில வெள்ளையாப் படர்ந்ததைப் பூசணம்னு தூக்கி எறியப் போனீங்களே, அந்த இழைதான் அதோட உடம்பே. காளான், மரத்துக்குக் காய் மாதிரி."

தையல்காரர் பிரஷை எடுக்கவும் மேஜிக்காரர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. தையல்காரர் கோட்டை மறைத்துக்கொண்டு நின்றார்.

"மறைக்கிறது என் தொழில். தள்ளுங்க," என்றார் மேஜிக்காரர். பார்த்தார். கோட்டருகே குனிந்தார்.

"தட்டிவிட்டா போயிடும் சார்."

"தட்டாதீங்க. யார் வரைஞ்சது?"

"காளான் சார்."

மேஜிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "மேடையில நான் திரும்பினாலே ஜனங்க கொட்டாவி விடறாங்க. இது நிலைச்சு நின்னா முதுகையும் பாப்பாங்க. ஏதாவது பண்ணுங்க."

தையல்காரர் கோடுகளின் மேலேயே துணியில் குறி போடும் சாக் பென்சிலால் தடம் போட்டார். பிறகு தூளைத் தட்டிவிட்டு, வெள்ளை நூல் கோத்து உட்கார்ந்தார். எது நீளம், எது பாதியில் நிற்பது என்று காளானைக் கவிழ்த்துப் பிடித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள் மனைவி. சாயங்காலம் மேடையில் மேஜிக்காரர் திரும்பி நின்றபோது அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த தையல்காரர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

இப்போதெல்லாம் காளான் பறித்ததும் அடுத்த விசிறியைப் பதிக்கக் கறுப்புத் துணியோடு முதலில் வந்து நிற்பவர் தையல்காரர்தான்.

"சமைக்கவும் ரெண்டு மிச்சம் வைங்க," என்கிறாள் மனைவி.