தூரேயின் இடது பக்கம்

சனிக்கிழமை காலை அக்காவின் கார் வாசலில் வந்து நின்றபோது இஹாயா பல் துலக்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். அக்கா புருஷன் தூரே இறங்கிக்கொண்டிருந்தார். கையில் இரண்டு தையாஹா. ஒரு முனையில் நாக்கு நீட்டிய முகம் செதுக்கிய, ஆளுயரப் போர்க்கழிகள். வாயிலிருந்த நுரை தொண்டைக்குள் போய் இஹாயாவுக்கு இருமல் வந்துவிட்டது.

போன குளிர்காலத்தில், ஊர் கூடும் இடமான மராயின் புல்வெளியில் ஆண்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, இஹாயா வீசிய கழி தூரேயின் தடுப்பில் வழுக்கி அவருடைய இடது கண்ணில் இறங்கியது. கண் பிழைக்கவில்லை. மரம் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் இப்போது மரக்கிடங்கின் வாசலில் காவல் இருக்கிறார். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அன்று கேட்டது மிகச் சின்னச் சத்தம். பழக்கூடத்தில் வேலை செய்யும்போது ஒரு கிவிப்பழம் கீழே விழுந்து நசுங்கினால்கூட அந்தச் சத்தம் மறுபடி அவன் காதுக்குள் கேட்கும். அதற்குப் பிறகு அவன் கழியைத் தொடவே இல்லை.

"வாடா மச்சான், கடற்கரைக்குப் போலாம்," என்றார் தூரே. "அடுத்த வாரம் விருந்தாளிங்க வர்றாங்க. நம்ம வழக்கப்படி கழியோட முன்னால போய், நட்பா பகையான்னு கேட்டு அவங்களை மராய் வாசல்ல மறிச்சு நிக்கிற வேலையை எனக்குக் குடுத்திருக்காங்க."

"நல்லது மாமா. அதுக்கு நான் எதுக்கு?"

"நீ என்மேல வீசணும்."

இஹாயா காரை நோக்கி ஓடினான். அக்கா மெரெயானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீயாவது சொல்லேன்!"

"ராத்திரி பூரா சொன்னேன். கேக்கறாரா?" அவள் திரும்பவில்லை. "மிச்சமிருக்கிற கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா, எங்க ரெண்டு பேருக்கும் நீதான் சோறு போடணும். ஏறு."

கடல் உள்வாங்கியிருந்தது. ஈரமணலில் சிப்பி தோண்டுகிறவர்கள் தூரத்தில் குனிந்திருந்தார்கள். மெரெயானா காரை விட்டு இறங்கவில்லை. இஹாயா கழியை வாங்கியதுமே உள்ளங்கை வியர்த்து, பிடி வழுக்கியது. சட்டையில் துடைத்தான். மறுபடி வியர்த்தது.

முதல் வீச்சை அவன் காற்றில்தான் வீசினான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தூரே தட்டிவிட்டு, கழியின் அடிமுனையால் அவன் விலாவில் ஒன்று வைத்தார்.

"என்னடா, குழந்தைக்கு விசிறி விடறியா? ஊர்ல எல்லாப் பயலும் இப்போ என்மேல இப்படித்தான் வீசறான். இதைத் தடுக்க ஆளே வேணாம், கோழி போதும்."

"என்னால முடியல மாமா."

"இடது பக்கமா வா."

"மாட்டேன்."

"வாடான்னா!"

இஹாயா கழியை மணலில் போட்டுவிட்டு, தண்ணீரை நோக்கி நடந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தூரே பின்னால் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"டீ ஊத்தினா கப்புக்கு வெளிய போகுது. கதவு சத்தம் கேட்டா முழு உடம்பையும் திருப்பிப் பாக்கறேன். கடையில யாராவது இந்தப் பக்கம் உரசினா நெஞ்சு அடைச்சுக்குது. அத்தனை விருந்தாளி எதிர்ல வர்றப்போ, இடது பக்கம் ஏதோ அசையுதுன்னு என் கால் ஒரு அடி பின்னால போச்சுன்னு வை, போச்சு. நம்ம சனம் மொத்தமும் பின்வாங்கின மாதிரி. போகுமா போகாதான்னு எனக்கே தெரியல. தெரிஞ்சாகணும்."

"வேற யாரையாவது வீசச் சொல்லுங்க."

"வேற எவன் கையும் எனக்கு நம்பிக்கை இல்ல. என் கண்ணுக்கு இவ்வளவு பயப்படற கை இந்தக் கரையில வேற எங்க இருக்கு? அதான் உங்கிட்ட வந்தேன்."

இஹாயா திரும்பிப் போய்க் கழியை எடுத்தான். அவர் தோளை மட்டும் பார்த்தான். வேறெதையும் பார்க்கக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இடது பக்கமாகச் சுற்றி, உண்மையாகவே வீசினான்.

தூரேக்கு அது தெரியவில்லை. அடி தோளில் விழ, குப்புற மணலில் சாய்ந்தார். எழுந்து மண்டியிட்டவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"மாமா?"

"தெரியல," என்றார் தூரே. பிறகு கத்தினார். "ஒண்ணுமே தெரியலடா! மெரெ! மெரெ!"

இஹாயாவின் கால்கள் மணலில் புதைந்துபோயின. தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கைகளை நீட்டியபடி நின்றான். இரண்டாவது கண்ணையும் எடுத்துவிட்டேன் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. மெரெயானா தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்து, புருஷனின் தலையைத் தன் மடியில் சாய்த்து, விரல்களை விலக்கினாள்.

"மணல். மணல்தான். இமையைத் திற. திறய்யா, குழந்தை மாதிரி பண்ணாதே."

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவசரத்தில் பாதித் தண்ணீர் அவர் காதுக்குள் போனது. கண் செக்கச்செவேலென்று திறந்து, சிமிட்டி, மறுபடி திறந்தது.

"உன் மூக்கு தெரியுது," என்றார் தூரே.

மெரெயானா அழுதாள். அழுதுகொண்டே அவர் தோளில் அடித்தாள், அடிபட்ட அதே தோளில். தூரே சிரிக்கவில்லை. மணலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "போதும். வேற யாராவது நிக்கட்டும். வீட்டுக்குப் போலாம்," என்றார். அந்தக் குரலை இஹாயா அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நர்ஸிடம் நையாண்டி பேசிக்கொண்டிருந்த மனிதர்.

இஹாயா விழுந்துகிடந்த கழியை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

"எழுந்திருங்க மாமா. இடது பக்கமா வர்றேன். மணல்ல என் கால் சத்தம் கேக்கும். அதைக் கேளுங்க."

தூரே நிமிர்ந்தார். "நீயாடா சொல்றே?"

மெரெயானா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காருக்குப் போய், மரம் அறுக்கும்போது போடும் பெரிய கண்ணாடியைக் கொண்டுவந்து புருஷனின் முகத்தில் மாட்டினாள். "இதைக் கழட்டினா ரெண்டு கழியையும் இன்னிக்கே அடுப்புல வெச்சுடுவேன்."

அடுத்த அடியும் தோளிலேயே விழுந்தது. அதற்கடுத்ததும். சிப்பி தோண்டுகிறவர்கள் நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கிய பிறகுதான், மரத்தில் மரம் மோதி டங்கென்று ஒரு சத்தம் எழுந்தது. அந்த அதிர்வு இஹாயாவின் முழங்கை வரை ஏறியது. தூரேயின் கால் பின்னால் போகவில்லை.

விருந்தாளிகள் வந்த நாளில் இஹாயா ஊர்க்காரர்களோடு நின்றான். தூரே கழியைச் சுழற்றிக்கொண்டு முன்னேறினார். இருந்த ஒரு கண்ணையும் பிதுக்கி, நாக்கை நீட்டி உறுமினார். முன்வரிசையில் நின்ற குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. விருந்தாளித் தலைவருக்கு முன்னால் இலைக்கொத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, இடது பக்கம் ஒரு கிழவரின் கோட்டு காற்றில் படபடத்தது. தூரேயின் கழுத்து நரம்பு துடிப்பதை இஹாயா பார்த்தான். கால் அசைந்துவிடுமோ, அசைந்துவிடுமோ.

அசையவில்லை. நட்பாகத்தான் வந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமாகத் தலைவர் குனிந்து இலைக்கொத்தை எடுத்தார். வரவேற்புக் குரல் எழுந்தது. பக்கத்தில் நின்ற மெரெயானா தம்பியின் கையை விட்டபோது, அவள் நகங்கள் பதிந்த இடம் வெளுத்திருந்தது.