கம்மலுக்குள் தெரிந்தவர்

"உங்க கம்மல் ரொம்ப அழகும்மா," என்றார் தொலைபேசியில் கடைக்காரம்மா. "ஆனா அதுக்குள்ள இடுப்புல துண்டோட ஒருத்தர் நிக்கிறாரே, அவரையும் சேர்த்தா விக்கிறீங்க?"

மனைவி தான் கடைக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பட்டாணி அளவு வெள்ளித் துளி, அவளே தட்டி, அரத்தால் ராவி, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கியது. அந்தப் பட்டாணிக்குள் மொத்தக் குடித்தனமும் குடியேறியிருந்தது. ஜன்னல், மின்விசிறி, கொடியில் காயும் தலையணை உறைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் குடம்போல வயிறும் கடுகளவு தலையுமாக அவள் புருஷன்.

"ஐயோ, அவரு விற்பனைக்கு இல்லீங்க," என்றாள் அவள். "வித்தாலும் மறுநாளே திருப்பி அனுப்பிடுவாங்க."

கடைக்காரம்மா சிரித்தார். சிரித்தாலும் கறாரான ஆள். இணையத்தில் மட்டுமே இருக்கிற கடை அது. அதில் இடம் கேட்டு ஊரில் பாதிப் பேர் காத்துக் கிடந்தார்கள். சாயங்காலத்துக்குள் சுத்தமான படம் வந்தால் கம்மலுக்கு இடம் உண்டு. வராவிட்டால் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

"ஏங்க," என்று மனைவி திரும்பினாள். "தம்பியை வரச் சொல்லிட்டேன். அவன் வர்றதுக்குள்ள நீங்க எடுத்துட்டா சரி. இல்லேன்னா அவன் எடுக்கட்டும்."

நாடக விளக்குக்காரரான புருஷன் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மச்சினன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். கை கழுவுவதையே பாடமாக நடத்துகிறவன். அவன் வந்து இந்தக் கம்மலை எடுத்துக் கொடுத்துவிட்டால், ஏழு தலைமுறைக்கு அதையே சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குவான். அதிலும் இவர் லேசுப்பட்ட ஆளா? முப்பது வருஷம் நாடக மேடைக்கு விளக்குப் போட்டு ஓய்வு பெற்றவர். இவர் நிலா வெளிச்சம் போட்டால் முன் வரிசைக்காரர்கள் குளிர்கிறதென்று போர்வை தேடுவார்கள். மத்தியான வெயில் போட்டால் மூன்று பேராவது மயங்கி விழுவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பட்டாணியிடம் தோற்பதா?

முதல் வேலையாகச் சட்டையும் பேண்டும் போட்டுக்கொண்டு வந்து ஒரு படம் எடுத்தார்.

"உள்ள இருக்கிறவரு இப்ப ஆபீசுக்குக் கிளம்பிட்டாரு," என்றாள் மனைவி. "முன்னேற்றம்தான்."

பரண்மேலிருந்து பழைய மேடை விளக்கை இறக்கினார். அண்டா அளவு இருக்கும். அதைப் போட்டதும் எதிர்வீட்டு நாய் எழுந்து பொழுது விடிந்ததாகக் குரைத்தது. கம்மலோ அசரவில்லை. நடுவில் கொப்புளம் போல ஒரு வெள்ளைப் புள்ளி, மற்றதெல்லாம் கன்னங்கரேல்.

"பாவம், அம்மை போட்டுடுச்சு."

பல்லைக் கடித்துக்கொண்டு, கேமரா தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தார். புகுந்தது சுலபம்; வெளியே வரத்தான் ஊரையே கூட்ட வேண்டியிருந்தது. படத்தில் அவர் இல்லை. ஜன்னல் இருந்தது, தலையணை உறைகள் இருந்தன, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மனைவி இருந்தாள்.

"இப்ப என்னை விக்கப் போறீங்களா?"

"நீ கொஞ்சம் நகர்ந்து நின்னா என்ன?"

"என் வீட்ல நான் எங்கதான் நிக்கிறது, ஒளிக்கடவுளே?"

நகர்ந்தவள் சும்மா போகவில்லை. அடுத்த கம்மலுக்குப் படம் வரைய வைத்திருந்த பட்டர் பேப்பரை மேசையிலிருந்து எடுத்தாள். அந்தத் தாள் விளக்குக்கு முன்னால் குறுக்கே போனபோது, துளியின் ஒரு பக்கம் பால் ஊற்றியதுபோல வழவழவென்று வெளுத்தது.

"அப்படியே நில்லு! அசையாத!"

"முப்பது வருஷமா நடிகைங்ககிட்ட சொன்னதை இன்னிக்குத்தான் என்கிட்ட சொல்றீங்க," என்றாள் மனைவி. ஆனாலும் அசையவில்லை.

அவருக்குப் பொறி தட்டியது. மேடையில் ராஜாவின் முகம் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். இந்தப் பொடிசு எதையும் வாங்கிக்கொள்ளாது. எதிரில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே ஊருக்குச் சொல்லிவிடும். கோள்சொல்லி! கோள்சொல்லியின் வாயை அடைக்க முடியாது. அது பார்க்கிற இடத்தைத்தான் துடைத்து வைக்க வேண்டும்.

பட்டர் பேப்பரைச் சுருட்டிக் கம்மலைச் சுற்றி ஒரு குட்டி அறை கட்டினார். மேலேயும் ஒரு தாளை மூடினார். படிக்கிற மேசை விளக்குகள் இரண்டை வெளியே இரு பக்கமும் வைத்தார். லென்ஸ் எட்டிப் பார்க்க ஒரே ஒரு ஓட்டை. எடுத்தார். ஜன்னல் போயிற்று, விசிறி போயிற்று, குடித்தனமே காலி.

மனைவி வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். "எல்லாரும் போயிட்டாங்க. கூடவே கம்மலும் போயிடுச்சு. இது பாச்சை உருண்டைங்க."

உண்மைதான். வெள்ளைக்கு நடுவில் வெள்ளை. உருளையா தட்டையா என்றே தெரியவில்லை. கறுப்பாக ஏதாவது ஓரத்தில் தெரிந்தால்தான் அதற்கு வடிவம் வரும். கறுப்புக்கு எங்கே போவது? அலமாரியைக் குடைந்து தன் கறுப்பு சாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை ஓர் அடிஸ்கேலில் மாட்டி, தாள் அறைக்குள் ஒரு பக்கமாக நுழைத்தார்.

"துவைச்சதா?"

"கம்மலுக்கு மூக்கு கிடையாது."

துளியின் விளிம்போடு ஒரு கரிய கோடு ஓடியது. அந்தக் கணமே அது உருண்டு திரண்டு, இப்போதுதான் வெள்ளி என்று பெயர் வாங்கியதுபோல நின்றது. "நல்லாருக்கு," என்றாள் மனைவி. அந்த வீட்டில் அது சரித்திர நிகழ்ச்சி.

ஆனால் ஸ்கேல் நிற்க மாட்டேனென்றது. சாய்த்து வைத்தால் சரிந்தது, கையில் பிடித்தால் கேமராவுக்கு ஆளில்லை. மனைவியின் இரண்டு கையும் தலை சாயும் விளக்குகளைப் பிடித்திருந்தன. பொழுதோ மாலைக்குள் நழுவிக்கொண்டிருந்தது. அழைப்பு மணி அடித்தது.

மச்சினன் இரண்டு தோளிலும் பைகளோடு நின்றான். "அத்தான், நகருங்க. இதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு நிமிஷம்."

"சத்தம் போடாத. மேசை ஆடும்," என்றாள் அக்கா. "பையை வாசல்லயே வை. இதைப் பிடி."

"என்னக்கா இது? சாக்ஸா?"

"கேள்வி கேக்காம பிடிடா."

பிடித்தான். விளக்குக்காரர் ஓட்டைவழியே பார்த்தார். "கொஞ்சம் இடது பக்கம் தம்பி. அவ்வளவு வேணாம். முடி அளவு. மூச்சை அடக்கு."

"அத்தான், நான் ஸ்டுடியோ வெச்சிருக்கவன்."

"அதான் கை ஆடாம பிடிக்கிற."

எடுத்த படம் கடைக்குப் போனது. பதில் வரும்வரை மூவரும் ஆளுக்கொரு திசையில் நின்றார்கள். மச்சினனின் கை சாக்ஸோடு அந்தரத்திலேயே இருந்தது. இறக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கடைக்காரம்மா நேரே கூப்பிட்டுவிட்டார். "இதும்மா படம்! எடத்தை உங்களுக்கே எழுதிட்டேன். மீதி ஜோடிங்களையும் இதே மாதிரி எடுத்து அனுப்பிடுங்க. யாரு எடுத்தது? ஸ்டுடியோ வெச்சிருக்காருன்னு சொன்னீங்களே, உங்க தம்பியா?"

மனைவி தம்பியைப் பார்த்தாள். பிறகு, கேட்காததுபோல விளக்கின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"தம்பி சாக்ஸ் பிடிச்சான்," என்றாள். "எடுத்தது எங்க வீட்டுக்காரரு."

"அக்கா!" என்றான் தம்பி.

"அசையாத," என்றார் விளக்குக்காரர், அடுத்த ஜோடியைத் தாள் அறைக்குள் இறக்கியபடி.