கடிசர் ஏரிப் படிகள்

பிணத்தின் மேலிருந்த துணியை இடுப்புவரை விலக்கியதுமே மாணிக்கவாசகத்துக்குத் தெரிந்துவிட்டது. இது சித்து இல்லை. முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தண்ணீரில் ஊறிக் கிடந்த முகம். உயரம் அதேதான். வயதும் இருபது, இருபத்தொன்று இருக்கும். சட்டைக் காலரில் டெல்லித் தையல்காரர் ஒருவரின் லேபிள் இருந்தது. அதை வைத்துத்தான் ஜெய்சல்மேர் போலீஸ் டெல்லிக்குத் தகவல் அனுப்ப, அது காணாமல்போனவர்கள் பட்டியலில் சுற்றிச் சுற்றி ஆர்.கே.புரத்தில் அவர் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டியிருந்தது. ஆனால் சித்துவுக்கு எட்டாவது படிக்கும்போது குடல்வால் ஆபரேஷன் நடந்திருக்கிறது. வலது அடிவயிற்றில் மண்புழு ஊர்ந்த மாதிரி ஒரு தழும்பு. இந்தப் பையனின் வயிறு உப்பி, ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது.

மூக்கில் கைக்குட்டையைப் பொத்தியிருந்த கான்ஸ்டபிள் போமாராம், "பெஹ்சான் லியா, சாப்?" என்று கேட்டார், அடையாளம் தெரிந்ததா என்று.

"ஹாங்" என்றார் மாணிக்கவாசகம். "மேரா லட்கா ஹை."

என் பையன்தான் என்று சொன்ன பிறகுதான் தன் குரல் அவர் காதில் விழுந்தது. யோசித்துச் சொன்னதில்லை. யோசித்தது எல்லாம் முந்தின இரவு, ஜோத்பூரிலிருந்து வந்த பாசஞ்சரில். எதிர் இருக்கையில் மனைவி இந்திராணி கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். மணல் ஜன்னல் இடுக்கில் புகுந்து அவள் மடியில் படிந்துகொண்டே இருந்தது, அவள் தட்டிவிடவில்லை. அவனாக இருந்துவிட்டால் என்ன என்று அப்போது நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டார். பிறகு மறுபடியும் நினைத்தார்.

சிதம்பரம் என்று தாத்தா பெயரை வைத்து, சித்து என்று கூப்பிட்ட பையன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளைகள் அதைத் தங்கள் ஊர்ப் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். தொண்ணூற்றேழு ஜூலையில் பால் பூத்துக்குப் போனவன் திரும்பவில்லை. சண்டை இல்லை, கடிதம் இல்லை, காதல் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்திராணி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. ஒரு மத்தியானம் எவனோ நுழைந்து மிக்சியைத் தூக்கிக்கொண்டு போனான், அப்போதும் போடவில்லை. பாளையங்கோட்டையில் அவள் அப்பா இறந்தபோதுகூடப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் வந்துவிட்டால்?

மாணிக்கவாசகத்துக்கு வருகிற மார்ச்சில் ரிடையர்மென்ட். அதன்பின் சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

"வீட்ட விட்டுட்டா அவன் எங்க வந்து நிப்பான்?" என்றாள். "நீங்க ஊருக்குப் போங்க. நான் மாடிப்படியிலயாவது இருந்துக்கிடுதேன்."

சும்மா சொல்கிறவள் இல்லை. இப்போது கிளம்பும்போதும் கீழ்வீட்டு வத்சலாவைக் கெஞ்சி, வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் அவள் இருந்தாள். அவர் வந்ததும் எழுந்தாள்.

"அவனா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தியளா? வயித்துல தழும்பு?"

"இருந்துச்சு."

அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுவாள், விழுவாள் என்று அவர் கையை நீட்டி வைத்திருந்தார். அவள் மெல்ல உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருந்த மணலைத் தட்டினாள்.

"நான் பாக்கணுமா?"

"வேண்டாம். பாக்குற மாதிரி இல்ல."

"அவன் போன எடத்தக் காட்டச் சொல்லுங்க."

சிதைக்கு விறகு வந்துசேரச் சாயங்காலம் ஆகும் என்றார் போமாராம். ஜீப்பில் அவரே கூட்டிப்போனார். மஞ்சள் கல் வளைவைத் தாண்டியதும் சட்டென்று தண்ணீர். சுற்றிலும் காய்ந்த மண்ணும் முள்ளும் இருக்க, நடுவில் இவ்வளவு தண்ணீரை யாரோ கொண்டுவந்து கொட்டியதுபோலிருந்தது. தண்ணீருக்குள்ளேயே கல்மண்டபங்கள் நின்றன. வெளிநாட்டு ஜோடி ஒன்று ரொட்டியைப் பிய்த்துப் போட, மீசை வைத்த பெரிய மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தன. இந்த மீன்களோடுதான் அந்தப் பையன் கிடந்திருக்கிறான் என்று மாணிக்கவாசகத்துக்குத் தோன்ற, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழைய ராஜா ஒருவர் மழைத்தண்ணீரைத் தேக்கக் கட்டிய ஏரி என்றார் போமாராம். குழாயில் கால்வாய்த் தண்ணீர் வரும்வரை ஊரே இதைத்தான் குடித்தது, தன் அம்மாகூட இங்கிருந்து குடம் சுமந்திருக்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு மண்டபத்துக்குக் கீழே இருந்த படிகளைக் காட்டினார்.

இந்திராணி இறங்கிப்போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். தண்ணீரில் கை வைத்தாள். "சில்லுனு இருக்கு" என்றாள். அதன்பின், "வத்சலாவுக்கு ஒரு போன் போட்டுருங்க. பாவம், அவளும் வீட்டுக்குப் போகட்டும். கதவப் பூட்டிக்கிடச் சொல்லுங்க."

மாணிக்கவாசகம் தலையசைத்தார். இதற்காகத்தான் சொன்னது. இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. மூச்சு கொஞ்சம் இலகுவானது. அந்த இலகு அவருக்கு அருவருப்பாகவும் இருந்தது.

பின்னால் போமாராம் தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தியில் சொன்னார். நான் போய் ஒரு போன் செய்துவிட்டு வருகிறேன், சாப். ரேவாரியில் ஒரு குடும்பம். அவர்கள் பையனும் டெல்லியில் வேலை பார்த்தவன், போன வாரம்தான் காணாமல்போனான். இன்று ராத்திரி வண்டியில் வருவதாக இருந்தார்கள். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்திராணிக்கு இந்தி நன்றாகவே தெரியும். திரும்பினாள்.

"அவனுக்கு அம்மா இருக்காளா, அண்ணா?" என்று இந்தியில் கேட்டாள்.

"இருக்கிறாள், பெஹன்ஜி. அவள்தான் தினமும் ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறாள்."

"அப்ப ஜல்தி சொல்லிருங்க. ராத்திரியெல்லாம் ரயில்ல அந்தப் பொம்பள எப்படி வருவா?" பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் வந்தது. பிறகு கணவனைப் பார்த்து, "அவளுக்காவது நல்ல சேதி" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்து, உடம்பு குலுங்க அழ ஆரம்பித்தாள்.

போமாராம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலே ஏறினார். வளைவுக்குப் பக்கத்தில் சோடாக் கடையை ஒட்டி எஸ்.டி.டி. பூத் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். மாணிக்கவாசகம் திரும்பினார். இரண்டு படி ஏறினார். கீழே இந்திராணியின் முதுகு ஏறி ஏறித் தாழ்ந்தது. "ஏ... போமாராம்ஜி" என்றார். குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. படகுக்காரன் ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

பூத்தின் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே போமாராம் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எண்களை அழுத்தினார், காத்திருந்தார். அப்புறம் அவர் வாய் அசைந்தது. மறுமுனையில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றி, கண்ணாடிக்கு அப்பால் பல் தெரியச் சிரித்தார்.