பழைய ப்ராக்ஸியின் முகவரி

"ஜன்னலச் சாத்து பிரின்ஸி, உமி உள்ள வருது" என்று சொல்லிக்கொண்டே டேவிட்சன் எண்டரைத் தட்டினான். ஆலை ஆபீஸ் திரையில் ஜாவா ப்ரோகிராம் ஓடத் தொடங்கியது. திருவையாற்றுக்குப் பக்கத்து அரிசி ஆலைக்காகக் கணவனும் மனைவியுமாக எழுதியது அது. லாரியில் லோடு ஏறியதும், அரிசி வாங்கும் கம்பெனியின் சென்னை சர்வரைக் கேட்டு, ஆலை கேட்டைத் தாண்ட ஒரு பாஸ் எண் வாங்கித் தரும். பிரின்ஸி ஜன்னலைச் சாத்தினாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு பிரிண்டர் வாங்கக் கும்பகோணம் போனான். ஐயம்பேட்டை தாண்டியதும் ஒரு டிப்பர் லாரி.

அடக்கம் அவர்கள் ஊரான தரங்கம்பாடியில் நடந்தது. ஆலையில் ப்ரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது; கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் காப்பாற்றியது. அவன் கையால் தொடங்கி இன்னும் நிற்காதது அது ஒன்றுதான். இதைப் பிரின்ஸி யாரிடமும் சொல்லவில்லை. நிறுத்தினால்தான் செய்யமுடியும் என்ற திருத்தங்களை மட்டும் தள்ளிப்போட்டு வந்தாள்.

தை அறுவடை மும்முரத்தில் பாஸ் வருவது நின்றது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப விழுந்தது.

"என்னம்மா இது, மேல மழை கட்டிக்கிட்டு நிக்கிது, லோடு ஏத்துன வண்டியெல்லாம் வாசல்ல நிக்கிது" என்றார் ஆலை மேனேஜர் அப்துல் வஹாப். "தார்ப்பாய் எல்லாத்துக்கும் பத்தாது."

"பிரவுசர்ல நெட் வருதா பாய்?"

"கிரிக்கெட்டே வருது. உங்க ஜாவாவுக்கு மட்டும்தான் நோவு."

ஆலைக்குள் எந்தக் கம்ப்யூட்டரும் நேராக வெளியே போவதில்லை. ப்ராக்ஸி என்ற பெட்டி வழியாகத்தான். பிரவுசருக்கும் அதே வழி. அவள் அதே கம்ப்யூட்டரிலிருந்து ப்ரோகிராம் இல்லாமல் தனியாகச் சென்னை சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்த்தாள். போனது. நெட்வொர்க் பார்க்கும் ஷஹ்பாஸுக்குப் போன் செய்தாள்.

"பழைய ப்ராக்ஸி வோல்டேஜ்ல போயிடுச்சுக்கா. காலைலதான் புதுசு வச்சேன். பேரு அதேதான், அட்ரஸ் மட்டும் வேற."

அவளுக்கு விளங்கிவிட்டது. ப்ரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை ப்ராக்ஸியின் பெயரைச் சொல்லி முகவரி கேட்டுக்கொள்ளும். பிறகு நிற்கும்வரை அதையே வைத்துக்கொள்ளும். ஆலை நெட்வொர்க் அடிக்கடி தடுமாறும் என்று டேவிட்சன்தான் அப்படி எழுதினான்.

"புதுசுக்கும் பழைய அட்ரஸையே குடுத்துடேன் ஷஹ்பாஸ்."

"அத எடைமேடை கேமராவுக்குக் குடுத்துட்டேனே. மாத்தணும்னா கேமராக்காரன் தஞ்சாவூர்லேருந்து வரணும், நாளைக்குத்தான். ஏங்க்கா, ஒரு ரீஸ்டார்ட் போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிறீங்க!"

"யோசிக்கல. வச்சிடறேன்."

வெளியே வஹாப் யாரிடமோ, "உன் வண்டியில கிழிஞ்ச தார்ப்பாய்கூட இல்லையா, என்னய்யா தொழில் பண்ற?" என்று கத்திக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது.

பிரின்ஸி கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாள். ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. காலி வரியில் கர்சர் விட்டுவிட்டு மின்னியது. பிறகு டேவிட்சன் அன்று தட்டிய அதே கட்டளையைத் தட்டச்சு செய்து எண்டரைத் தட்டினாள்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு! முதல் வண்டிய விடு!" என்றது வஹாபின் குரல்.

அவள் ப்ரோகிராம் திரையில் எழுதிய புதிய பதிவின் மேல் வரிகளைச் சரிபார்த்தாள். ப்ராக்ஸியின் முகவரி மாறியிருந்தது. டேவிட்சன் எழுதிவைத்த வாசல் எண், போர்ட் 3128, அப்படியே இருந்தது.