பெயர் சொல்லி அழுதவள்

படப்பிடிப்புக்காரர்கள் வந்து மூன்று வாரமாகியும் ஹாஃபியா பிடி கொடுக்கவில்லை. கீவ் நகரத்து இயக்குநர் செவெரின் தினமும் செரமோஷ் ஆற்றைத் தாண்டி அவள் வாசலில் வந்து நிற்பான். அவள் பாட்டுக்கு ஆட்டைக் கறந்துகொண்டிருப்பாள். அவளைப் போல ஒப்பாரி வைக்க இந்த மலையில் ஆளில்லை என்று யாரோ அவனிடம் சொல்லித் தொலைத்திருந்தார்கள்.

படத்தில் கல்யாணமாகாத இடையன் ஒருவன் செத்துப்போகிறான். அப்படிச் செத்தவனை மாப்பிள்ளைக் கோலத்தில் அடக்கம் செய்வதுதான் இங்கே வழக்கம். தலையில் பூவளையம் வைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஊர்ப்பெண் ஒருத்தியை மணப்பெண்ணாக நடக்கவிட்டு, கல்யாண வாத்தியமும் ஒப்பாரியுமாகக் கொண்டுபோவார்கள்.

"பெட்டியில படுத்துக்கிட்டுத் தும்முறானே உங்க நடிகன், அந்தத் தடியனுக்கா நான் அழணும்?" என்றாள் ஹாஃபியா. "உயிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வெச்சா அவன் ஆயுசு குறைஞ்சிரும். நாளைக்கு அவனப் பெத்தவ வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

"கதையில அந்த இடையன் பேரு லுக்கி. அந்தப் பேரச் சொன்னாப் போதும்மா. அப்படி யாருமே இல்ல."

"இல்லாதவனுக்கு எப்படிய்யா அழறது? எங்க, நீ அழுதுகாட்டு, பாப்போம்."

செவெரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் வாடிப்போய் வேலியில் சாய்ந்துகொண்டான். "கட்சியில மேல இருக்கிறவங்க என்ன படம் கேக்குறாங்க தெரியுமா? டிராக்டர், கோதுமை, எல்லாரும் பல்லக் காட்டணும். நம்ம சனம் ஒரு நாளும் அழுததே இல்லியாம்மா? எங்களுக்கும் சாவு உண்டு, அழத் தெரியும்னு ஒரே ஒரு தடவ காட்டணும். நேரா சொன்னா விடமாட்டாங்க. பழைய வழக்கம், பாட்டு, கூத்துன்னு சொல்லித்தான் எடுக்கணும்."

ஹாஃபியா பால் செம்பைக் கீழே வைத்தாள்.

"பெட்டி காலியா இருக்கணும். பேரு நான் சொல்றதுதான். சம்மதமா?"

ஏன் என்று கேட்காமலே அவன் தலையாட்டினான்.

படம் பிடித்த அன்று ஊரே சரிவில் கூடியது. "நம்ம ஹாஃபியா சினிமாக்காரியாயிட்டா, இனி நம்மகிட்டயெல்லாம் பேசுவாளா!" என்று பெண்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காலிப் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு வாயைத் திறந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது.

"தானிலோ, என் மாப்பிள்ளையே! கல்யாணச் சட்டை தைத்து வைத்தேனே தானிலோ, கழுத்தளவு கொடுக்காமல் போனாயே!"

அந்தப் பெயரைக் கேட்டதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. ஹாஃபியாவின் மகள் வாசிலினா மட்டும் முகம் வெளுத்து நின்றாள். அவள் பள்ளிக்கூட வாத்தியார், அரசாங்கச் சம்பளம்.

தானிலோ ஹாஃபியாவின் மூத்த மகன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், காட்டுக்குள்ளிருந்து பட்டாளத்தை எதிர்த்தவர்களோடு போனான். அவனையும் சேர்த்து நான்கு பேரைப் பட்டாளத்தார் கொன்று, மாவட்ட ஊரின் சந்தைச் சுவரோரம் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஊர் ஊராகச் சனத்தை அழைத்துவந்து அந்த வழியே நடக்கவிட்டார்கள். யார் முகம் கோணுகிறதோ அந்தக் குடும்பம் மொத்தமும் சைபீரியாவுக்கு. எட்டு வயது வாசிலினாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாஃபியா போனாள். மூன்றாவதாகக் கிடந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்திருந்தது. "இவன் யாரு?" என்றான் அதிகாரி. "தெரியலைங்க. என் பிள்ளை இல்ல" என்றாள். பாவி வயிறு, அதைச் சொல்லிவிட்டு நடக்கவும் நடந்தது. எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

இப்போதுதான் அவனுக்குச் சாவு எடுத்தாள். அன்று சாயங்காலம் வயிறு நிறையச் சோளக்களி தின்றாள். அவள் அப்படிச் சாப்பிட்டு வாசிலினா பார்த்ததே இல்லை.

வசந்த காலத்தில் செவெரின் திரும்பி வந்தான். கண் குழிவிழுந்திருந்தது. கூடவே கீவிலிருந்து சாம்பல் நிறத் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர். ஊர்மன்ற அலுவலகத்துக்கு ஹாஃபியாவைக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே செவெரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, கதையில லுக்கின்னு இருக்கு, நீங்க தானிலோன்னு அழுறீங்க. அது யாருன்னு நோண்டுறாங்க. வாய்க்கு வந்த பேருன்னு சொல்லிடுங்க. சொன்னா அந்தக் காட்சியோட படம் வெளிய வரும். நாடு பூரா பாக்கும். இல்லேன்னா மொத்தத்தையும் எரிச்சிருவாங்க."

நாடு பூரா. ஹாஃபியாவுக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. ஊர் ஊராக அவனுக்கு அழுகை கேட்கும். அதற்கு அவள் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"தானிலோங்கிறது யாரு, தோழர்?" தொப்பிக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாருமில்லைங்க. வாயில வந்த பேரு."

"உங்களுக்கு மகன் உண்டா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். செவெரின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லைங்க. ஒரு பொண்ணு மட்டும்தான்."

கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தலையிலடித்து அழுதாள். "ரெண்டு தடவை! பெத்தவளே ரெண்டு தடவை இல்லைன்னு சொன்னேனே!"

"அவனுக்காகத்தானேம்மா சொன்ன," என்றாள் வாசிலினா.

இலையுதிர் காலத்தில் படம் மாவட்ட ஊர்த் திரையரங்குக்கு வந்தது. ஊரே பஸ் ஏறிப் போனது. ஹாஃபியா பூப்போட்ட தலைத்துணி கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். செவெரின் வரவில்லை. அவனை ஸ்டூடியோவிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

அந்தக் காட்சி வந்தது. சரிவு, பெட்டி, தொப்பி கழற்றிய ஆண்கள் எல்லாம் இருந்தன. திரையில் ஹாஃபியா மண்டியிட்டு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வயலினும் கொட்டுமாக ஒரு இசைக்குழு பொங்கி வந்து அத்தனையையும் மூடிவிட்டது. அவள் வாய் மட்டும் மீன் வாய் மாதிரி திறந்து திறந்து மூடியது.

ஏமாற்றிவிட்டார்கள், படுபாவிகள்! கொடுத்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையின் பெயரைத் துடைத்துவிட்டார்கள்.

ஹாஃபியா எழுந்து நின்றாள்.

"அம்மா, உக்காரு," வாசிலினா அவள் மேலாடையைப் பிடித்து இழுத்தாள். "என் வேலை போயிரும்மா. சொன்னாக் கேளு."

"விடுடி."

திரையில் தன் வாய் அடுத்த தடவை திறப்பதற்காகக் காத்திருந்தாள். திறந்தது. கூடவே அவளும் திறந்தாள்.

"தானிலோ! என் மாப்பிள்ளையே! நான் பெற்ற பிள்ளையே தானிலோ!"

இசையைக் கிழித்துக்கொண்டு கூரை வரைக்கும் போனது குரல். திரையில் இருந்தவளும் நின்றவளும் சேர்ந்தே அழுதார்கள். பின்னால் யாரோ "விளக்கைப் போடு, விளக்கைப் போடு!" என்று கத்தினான். விளக்கு எரிந்தது, படம் நின்றது, அவள் நிறுத்தவில்லை. வாசலில் சீருடைக்காரர் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

வாசிலினா அவர்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு துணியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தானும் எழுந்தாள். எட்டு வயதில் சந்தைச் சுவரோரம் தொண்டைக்குள் விழுங்கிய சொல் அவளிடமும் ஒன்று இருந்தது.

"அண்ணா," என்றாள்.